கயிறு வெட்டினால் வாள்வெட்டா?

ஞாயிற்றுக்கிழமைக் கலியாண வீட்டு வீடியோவைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இனி யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். பார்த்தீர்கள், சிரித்தீர்கள், சரி. மொத்தம் 22 விநாடி. வாசலில் வாழைமரம் கட்டிய நைலோன் கயிறு மிஞ்சித் தொங்குகிறது. நான் பொக்கற்றுக்குள் இருந்த வில்லுக்கத்தியை எடுத்து விரிக்கிறேன், கயிற்றை அறுக்கிறேன், மடித்து வைக்கிறேன். அதற்குப் போட்டிருக்கிற தலைப்பு: 'வாள்வெட்டுக் கோஷ்டி மல்லாவிக்கும் வந்தாச்சு.' மல்லாவி எங்கள் ஊர். வாள்வெட்டுக் கோஷ்டி என்றால் வாளோடு திரிந்து ஆட்களை வெட்டுகிற கும்பல்.

எனக்கு வயது 46. வாழைமரம் கட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் அந்த வீட்டுக்காரர்தான்.

அது வேலைச்சாமான். ஆயுதமில்லை. இதை ஒருதரம் சொன்னால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கொமென்ட்களைப் பார்த்தபிறகு பத்துத்தரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிலர் உண்மையாகவே கேட்டிருந்தீர்கள். பிரான்சிலிருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தது. ஒப்பினெல் என்று பெயர். சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கியதாம். என்னிடம் இருப்பது எட்டாம் நம்பர், அலகு எட்டரை சென்ரிமீற்றர். பிரான்சில் தோட்டக்காரர்கள் பாணும் சீஸும் வெட்டுகிற கத்தி. வாளாம்!

புதுக்கத்தி பழகுவது புதுச்செருப்புப் பழகுவது மாதிரி. காலுக்குப் பதிலாகக் கை கடிபடும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவின் பழைய வில்லுக்கத்தியில் வில்லு முதுகில் இருந்தது. விரித்தால் 'டக்', மடித்தால் 'டக்'. என் கை சின்ன வயதிலிருந்தே அந்த 'டக்'குக்குத்தான் பழகியது. இதில் வில்லு இல்லை. கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருகினால்தான் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையமே 1955இல்தான் வந்ததாம். அதற்கு முன்பு வாங்கியவர்களின் விரல்களை நினைத்துப் பார்க்கிறேன். முதல் கிழமையே நான் வளையத்தைத் திருக மறந்து உரப்பையின் வாயில் குத்தினேன். அலகு மடிந்து சுட்டுவிரலில் வந்து உட்கார்ந்தது. நாலு நாள் பிளாஸ்டர்.

பிறகு அலகு. இது கறுக்காத உருக்கு இல்லை. மாங்காய் வெட்டி, துடைக்காமல் வைத்தேன், காலையில் பார்த்தால் சாம்பல் பூத்துப் போயிருந்தது. துரு என்று பயந்தேன். துரு இல்லை, புளி பட்ட கறை. அது சீராகப் படிந்தால் துருப்பிடிப்பது குறையும் என்கிறார்கள். இப்போது தண்ணீர் பட்டால் உடனே துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுகிறேன். மழையில் நனைந்த அன்று மரப்பிடி ஊதி, அலகு வெளியே வரமாட்டேன் என்று நின்றது. இரவு அடுப்புக்கரையில் வைத்தபின்தான் இளகியது. நனைய விட்டது என் பிழை. இன்னொரு சிக்கல், சாரத்துக்குப் பொக்கற் இல்லை. மடியில் செருகினால் குந்தி இருக்கும்போது விலாவில் குத்தும். அந்தக்கால மனுசர் பை வைத்த அகலப் பெல்ட் கட்டியது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

'இந்தக் காலத்தில் கத்தி என்னத்துக்கு அண்ணை?' என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, நேற்று மட்டும் சொல்கிறேன். காலையில் மாட்டுக்கயிறு கழுத்தில் இறுகி, அறுத்தேன். பிறகு சொட்டுநீர்க் குழாயில் வெடிப்பு, அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் அச்சில் சுற்றிய வைக்கோலை அரைமணித்தியாலம் இருந்து வெட்டி எடுத்தேன். பின்னேரம் பிள்ளைகளுக்கு வத்தகைப்பழம். இதற்கெல்லாம் போனில் ஏதும் அப் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

'கலியாண வீட்டில் கத்தி விரிப்பது நல்லதில்லை' என்றார் ஒரு மாமி. மாமி, பின்வளவில் வெங்காயம் வெட்டியது எதனால், பல்லாலா?

'வாள்வெட்டுக் கதைகளைக் கேட்டுச் சனம் பயந்து போயிருக்கிறது, நீங்களும் யோசிக்க வேண்டும்' என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். அது நியாயம். பயம் பொய்யில்லை. பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது நானும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். ஆனால் அந்த வீடியோவை எடுத்தவர் பயந்தவரா? பயந்தவர் பின்னால் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிக்கொண்டு இருப்பாரா? சனம் பயப்படுகிறது என்று என்னிடம் சொல்லும் ஆசிரியரும் அந்தப் பதிவுக்கு ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார். பார்த்தேன்.

அது வேலைச்சாமான். ஆயுதபூசைக்கு மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசுகிற சாமான்.

சரி, கோபம் இந்த வீடியோவில் மட்டும் இல்லை என்று மனைவி சொல்கிறா. இருக்கலாம். 2009இல் யுத்தம் முடிகிற கட்டத்தில் நாங்கள் மாத்தளன் பக்கத்தால் வந்து சேர்ந்தபோது ஆமிச் சோதனையில் அப்பாவின் கத்தியைக் குவியலில் போட்டார்கள். பாக்கு வெட்டுகிற கத்தி, அலகு தேய்ந்து தேய்ந்து பாதியாகிப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. செட்டிகுளத்து முகாமில் கூடாரக் கயிறு கட்டும்போதெல்லாம் அவருடைய கை தன்பாட்டில் இடுப்புக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். பிறகு மீன்ரின் மூடியை மடித்துக் கல்லில் தீட்டி வைத்துக்கொண்டார். அதால்தான் பாக்கும் வெட்டினார், என் மகளுக்குப் பென்சிலும் சீவிக் கொடுத்தார். அதையும் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்து பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தார்.

அப்பா ஒளித்தது அந்நியருக்குப் பயந்து. நான் யாருக்குப் பயந்து ஒளிக்க வேண்டும்? எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்து சாப்பிட்ட பிள்ளைக்கா?

வீடியோ போட்ட தம்பி, நீ அதை அழிக்கவும் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். போன மாரியில் உங்கள் வீட்டுத் தரப்பாள் காற்றில் கிளம்பியபோது ஏணியில் ஏறிக் கயிறு வெட்டிக் கட்டியவனும் நான்தான், அப்போது ஏன் கமரா எடுக்கவில்லை என்று மட்டும் சொல். மற்றது, சுட்டுவிரல் காயத்தின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். எட்டாம் நம்பர் இதுவரை வெட்டிய ஒரே ஆள் அதுதான். அதற்கும் ஒரு தலைப்பு யோசித்து வை.