சேலம் விமானங்கள் நின்றதற்கு ஆள் இல்லாதது காரணமா?

'சேலத்தில் ஆளே ஏறுவதில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் விமானம் நிற்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான முடிவு. சேலத்திலிருந்து சென்னைக்கு 2009-ல் விமானம் விட்டது கிங்பிஷர் நிறுவனம். அந்த நிறுவனம் கடனில் மூழ்கிய காலத்தில்தான் சேலம் சேவை போனது. 2012 அக்டோபரில் நாடு முழுவதுமே அது பறப்பதை நிறுத்தியது. அப்புறம் 2018 மார்ச்சில், சிறிய ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு நிதி தந்து உதவும் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் வந்தது. உடானில் அரசு தரும் இழப்பீட்டு நிதி ஒரு வழித்தடத்துக்கு 3 ஆண்டுதான். அது முடியும் நேரத்தில் கொரோனா. 2021-ல் சேலம் சேவை நின்றது, 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டே நின்றுபோனது.

சரி, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையத்துடையது. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்கு ஏற்றது. அத்தகைய விமானம் வைத்திருக்கும் நிறுவனங்களே இந்தியாவில் சில தான். அதில் ஒன்று நொடித்தால் ஊரே துண்டிக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்ததும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என நான்கு ஊர்களுக்குச் சேவை கிடைத்தது. பயணிகளைக் குறை சொல்வதற்கு முன் இதையும் பாருங்கள்.