1 சதவீதச் சரிவு வேறு, 1 டிகிரி வேறு

“கழிவுநீர்க் குழாய்க்கு 1 சதவீதச் சரிவு என்றால் 1 டிகிரி, செல்போனைக் குழாய்மேல் வைத்துப் பார்த்தால் போதும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1 சதவீதம் என்பது 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். கோணத்தில் சுமார் 0.57 டிகிரிதான். 1 டிகிரி வைத்தால் 20 மீட்டரில் 20 செ.மீ. இறங்க வேண்டிய குழாய் 35 செ.மீ. இறங்கிவிடும். சேர வேண்டிய தொட்டியின் வாய்க்கும் கீழே போய் நிற்கலாம். அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி தோண்ட வேண்டும், பாவம்.

ஆழத்துக்கு டிகிரியே தேவையில்லை. தரை சமமாக இருந்தால், அதே 20 மீட்டரில் குழாயின் அடிப்பகுதி தொடக்கத்தில் 60 செ.மீ. ஆழத்தில் இருந்தால், முடிவில் 80. அடியில் 10 செ.மீ. மணல் போடுவதானால் பள்ளம் 70, 90. தரையே அதே பக்கம் 5 செ.மீ. இறங்கினால் முடிவில் பள்ளம் 90-க்குப் பதில் 85 போதும். அந்த இறக்கத்தைக் கண்ணால் கணிக்காமல் தண்ணீர் டியூப் (நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய்; இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்) பிடித்துப் பாருங்கள்.