எந்த சாமி யாரைக் காப்பாற்றியது?

டிசம்பர் கடைசி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் லாம்புக் என்ற கடலோர ஊர். வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் மண். நடுவே தன்னந்தனியாக ஒரு பள்ளிவாசல். 2004 சுனாமி முடிந்ததும் எடுத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல் கீழே ஒரு வரி இருக்கும்.

அதே நாள், அதே கடல். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பார்கள். திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துக் கடல் பின்வாங்கியது என்பார்கள். இலங்கையின் தென்கரையில் கட்டடங்கள் நொறுங்கிக் கிடக்க, புத்தர் சிலைகள் அசையாமல் நின்ற படங்களும் உண்டு. நாலு மதத்துக்கும் ஆளுக்கொரு சாட்சி!

நான் சாமி கும்பிடுகிற ஆள்தான். நாத்திகப் பதிவு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

வேளாங்கண்ணியையே எடுத்துக்கொள்வோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஊர் கொள்ளாத கூட்டம். பேராலயம் தப்பியது. ஆனால் கடலில் குளிக்கப் போனவர்களும், கோயிலிலிருந்து கடல்வரை நீளும் அந்தக் கடைத்தெருவில் நின்றவர்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டுப் பிள்ளைகளைக் கைவிட்டாள் என்று சொல்ல எந்த பக்தருக்காவது வாய் வருமா? வராது. அதனால் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியை மட்டும் சொல்கிறோம்.

ஆச்சேயிலும் இதே கதைதான். இந்தோனேசியாவில் மட்டும் 1,60,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் பெரும்பகுதி ஆச்சே மக்கள், மார்க்கப் பற்றுக்குப் பேர்போனவர்கள். தலைநகர் பண்டா ஆச்சேயில் பைத்துர்ரஹ்மான் என்ற பெரிய பள்ளிவாசலும் தப்பியது. அதைக் கட்டியது யார் தெரியுமா? ஆச்சே மீது படையெடுத்து வந்த டச்சுக்காரர்கள். பழைய பள்ளிவாசல் போரில் எரிந்துபோனதும், கொதித்துப்போன மக்களைச் சமாதானப்படுத்த 1879-ல் தொடங்கி 1881-ல் முடித்துக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் கட்டிய பள்ளிவாசல் சுனாமியில் தப்பியதை எந்த மதத்தின் கணக்கில் வரவு வைப்பது?

ஏன் நின்றது என்று ஒரு கொத்தனாரைக் கேட்டாலே போதும். அந்த ஊர்களில் கெட்டியாகக் கட்டியது பள்ளிவாசலைத்தான். கீழே தூண்களும் திறந்த வளைவுகளும் இருந்ததால், வந்த தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. பக்கத்து வீடுகளின் மெல்லிய சுவர்கள் தண்ணீரை மறித்தன, விழுந்தன. திருச்செந்தூருக்கோ இலங்கைத் தீவே மறைப்பு. அலையின் முழு வேகமும் அந்தத் தீவின் கிழக்குக் கரையில் இறங்கியது. முருகன் தன் ஊரைக் காக்க ஈழத்துத் தமிழனை முன்னால் நிறுத்தினான் என்றா சொல்லப் போகிறீர்கள்? மட்டக்களப்பு கல்லடியில் கடலை ஒட்டி இன்னொரு திருச்செந்தூர் முருகன் கோயில் இருக்கிறது. அதே முருகன், அதே பெயர். அங்கே கோபுரமே மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. இந்தப் படம் மட்டும் எனக்கு ஒருமுறைகூட ஃபார்வர்டில் வந்ததில்லை.

இந்தப் பேச்சின் மறுபக்கம்தான் எனக்குத் தாங்கவே முடியாதது. பிழைத்தவன் சாமிக்கு வேண்டியவன் என்றால், செத்தவன் யார்? ஆச்சேயில், செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிரசங்கம் செய்தார்கள். இங்கே, காஞ்சி சங்கராச்சாரியாரைக் கொலை வழக்கில் கைது செய்ததால்தான் கடல் பொங்கியது என்றார்கள். அவர் அந்த வழக்கிலிருந்து 2013-ல் விடுதலையானார். சரி, கீச்சாங்குப்பத்து மீனவக் குழந்தைக்கும் அந்தக் கைதுக்கும் என்ன சம்பந்தம்? நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேரைப் பறிகொடுத்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

இயேசு இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்திருந்தார்கள். எருசலேமில் உள்ள மற்ற எல்லாரையும்விட அவர்கள்தான் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லவே இல்லை என்கிறார். லூக்கா 13-ல் இருக்கிறது. (நீங்கள் மனம் திரும்பாவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான் என்று கூட்டத்தின் பக்கமே திருப்பிவிடுகிறார், அது தனி.) அல்லாஹ் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்கிறது குர்ஆன். எனக்கு வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை என்கிறான் கீதையில் கண்ணன், அடுத்த வரியிலேயே பக்தர்களுக்குத் தனி இடம் கொடுத்தாலும். எதிர்ப்பக்கம் பேசும் வரிகளும் எல்லா நூலிலும் கிடைக்கும். தேடி எடுப்பவர் கையில் இருக்கிறது.

அப்போ வேண்டுதலே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். அன்று உயிர் தப்பியவர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாலும், நாகூரில் பாத்திஹா ஓதினாலும், முருகனுக்கு முடி இறக்கினாலும், அவரிடம் போய் அலை வந்த திசையை விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் நன்றி சொல்கிறார், பக்கத்து வீட்டுச் சாவைத் தன் சாமியின் பெருமைக்குச் சான்றாகக் காட்டவில்லை. நாகைப் பக்கம் இந்த மூன்றையும் ஒரே ஆளே செய்வார். சிக்கல் சிங்காரவேலரும் நாகூர் ஆண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கிறார்கள். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்தான். எதற்கும் எல்லா இடத்திலும் ஒரு துண்டு போட்டு வைப்போம் என்று அவர் நினைத்திருந்தாலும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.