மாதாவிடம் வேலை கேட்டால் சிரிப்பீர்களா?

நம்மூர் மாதா கோயில் ஒன்பதாம் நாள் திருவிழாப் பிரசங்க வீடியோ இதற்குள் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். பீடி சுற்றும் அந்த அக்காவின் வேண்டுதல் சீட்டை மைக்கில் வாசித்து, "மாதா என்ன வேலைவாய்ப்பு அலுவலகமா?" என்று கேட்டார் பிரசங்கம் வைத்த சாமியார். ஊரே சிரித்தது. அப்புறம் உலகப் பற்றை விடச் சொல்லி முக்கால் மணி நேரம்.

சரி, நல்ல பிரசங்கம்தான். ஆனால் பற்றை விடு என்று இருக்கிறவனிடம் அல்லவா சொல்ல வேண்டும்? இல்லாதவள் எதை விடுவாள்?

பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணத்தில் மாதா தன் மகன் இயேசுவிடம் என்ன பேசினார்? "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது" என்றுதானே? கல்யாண வீட்டில் குடிக்க இல்லை என்பதைவிட உலக விஷயம் உண்டா? என் நேரம் இன்னும் வரவில்லை என்று மகன் சொல்லியும் மாதா விடவில்லை. தனக்காகக் கேட்கவில்லை என்பீர்கள். அந்த அக்காவும் மகளுக்குத்தான் வேலை கேட்டார்.

மாதா பக்திச் சபையான மரியாயின் சேனை அண்ணன்மார் உடனே, மாதா பக்தியைப் பற்றி எழுதிய புனித மோன்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். உடல், உடைமை, செய்த புண்ணியம் எல்லாவற்றையும் மாதா கையில் ஒப்படைக்கச் சொன்னார், உண்மைதான். அவரவர் மனசார ஒப்படைக்கச் சொன்னார். அடுத்தவர் சீட்டைப் பிரித்து மைக்கில் வாசிக்கச் சொல்லவில்லை.

"அப்படியானால் தூத்துக்குடியில் 1806இலிருந்து ஓடும் தங்கத்தேரும் தப்பா?" தப்பென்று யார் சொன்னது? நானும் வடம் பிடித்தவன்தான். மாதாவுக்குத் தங்கம் கொடுக்கலாம், மாதாவிடம் ஒரு வேலை கேட்கக்கூடாது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. குழந்தையைக் காணிக்கையாக்கப் போனபோது ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்கள் கொடுக்கும் புறாக் காணிக்கையைக் கொடுத்த குடும்பம் அது. லூக்கா 2:24, எடுத்துப் பாருங்கள்.

எங்கள் அம்மா என் காலேஜ் பீஸுக்காக தெற்குக் கள்ளிகுளம் பனிமாதா கோயிலுக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்து காதுக் கம்மலை அடகு வைத்தாள். கேட்டதும் அவள்தான், கழற்றிக் கொடுத்ததும் அவள்தான். எந்தப் பிரசங்கமும் கேட்டு அல்ல. அவள் சீட்டு எழுதிப் போட்டிருந்தால் அதற்கும் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

"சாமியாரைப் பேசினால் சாபம் வரும்." வரட்டும்.

மறுநாள் மாதா சேலை ஏலம் நடந்ததே, அதிகத்துக்கு எடுத்தவர் பேரை மைக்கில் திரும்பத் திரும்ப வாசித்தீர்களே, அங்கே ஏன் பற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை? அந்த அக்கா அசனத்துக்குக்கூட, ஊரே சேர்ந்து சாப்பிடும் அந்தப் பந்திக்குக்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவராவது அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா?

பதிவை எடுக்கச் சொல்லி கமிட்டியிலிருந்து யாரும் போன் பண்ண வேண்டாம். எடுக்க மாட்டேன். அவ்வளவு சங்கடமாக இருந்தால் முதலில் அந்த வீடியோவை எடுங்கள்.