கிளார்னா 700 பேர தூக்கலைங்கண்ணா
அண்ணா, "கிளார்னா கம்பெனி ஏஐ போட்டு ஒரே மாசத்துல 700 பேர வேலைய விட்டு தூக்கிருச்சு, இனி கஸ்டமர் கேர் வேலையே கிடையாது"ன்னு போட்டிருக்கீங்க, அது அப்படி இல்லீங்க. 2024 பிப்ரவரில, பொருள இப்ப வாங்கிட்டு காச அப்பறம் கட்டற வசதி தர்ற அந்த ஸ்வீடன் கம்பெனி சொன்னது, கஸ்டமருக்கு பதில் சொல்ற எங்க ஏஐ சாட்பாட் முதல் மாசத்துல 23 லட்சம் சாட் பாத்திருக்கு, அது 700 முழுநேர ஏஜென்ட் பாக்கற வேலைக்கு சமம்னுதான். சமம்னு சொல்றதும் தூக்கிட்டோம்னு சொல்றதும் ஒண்ணா? அங்க ஆள் குறைஞ்சது நிஜம்தான், ஆனா 2023 கடைசில இருந்தே புதுசா ஆள் எடுக்கறத நிறுத்திட்டு, விட்டுட்டு போறவங்க எடத்த நிரப்பாம வுட்டாங்க. அப்பறம் 2025 மே மாசம் அதே கம்பெனி தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கியே, செலவ ரொம்ப பாத்ததுல தரம் கொறஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டு கஸ்டமர் சர்வீசுக்கு மறுபடி மனுசங்கள எடுக்கறோம்னாரு, அத நீங்க போடவே இல்ல.

கேரளா பாலக்காடு பக்கம் எங்க கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூருக்கு பஸ்ல சப்போர்ட் வேலைக்கு போற பிள்ளைங்க இருக்காங்க, என் தங்கச்சியும் ஒருத்தி, நேத்து இதப் படிச்சுட்டு ராத்திரி சோறே திங்கல. அவ ஆபீஸ்லயும் ஏஐ இருக்குங்க, பாஸ்வேர்ட் மறந்துட்டேன் மாதிரி கேள்விக்கு அதுவே பதில் சொல்லிருது, ஆனா காசு ரெண்டு தடவ போயிருச்சுன்னு பதறி, தமிழும் மலையாளமும் கலந்து பேசறவங்க கடைசில இவகிட்டதான் வர்றாங்க. தயவுசெஞ்சு அந்த முதல் வரிய மாத்துங்கண்ணா.