நெருக்கடியில் தங்கம் விலை இறங்கவே இறங்காதா?

“பொருளாதார நெருக்கடி வந்தால் தங்கம் ஏறத்தான் செய்யும், நகை வாங்கிப் போட்டால் நஷ்டமே வராது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

2008 மார்ச்சில் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 1,000 டாலரைத் தொட்ட தங்கம், அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான அடுத்த மாதமே 700 டாலர் அருகே வந்தது. ரொக்கம் தேவைப்பட்ட முதலீட்டாளர்கள் தங்கத்தையும் விற்றார்கள். டாலருக்கு எதிராக ரூபாயும் சரிந்ததால் இந்தியாவில் அந்த இறக்கம் குறைவாகத் தெரிந்தது. 2011இல் 1,900 டாலருக்கு வாங்கியவர், அந்த விலையை மறுபடி பார்க்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நகைக் கணக்கு இன்னும் மோசம். ஒரு லட்ச ரூபாய் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் 10%, மொத்தத்துக்கும் 3% ஜிஎஸ்டி என்றால் பில் 1,13,300 ரூபாய். விற்கும்போது அந்த 13,300 திரும்பாது. கல் நகையென்றால் கல் எடையையும் கழிப்பார்கள். முதலீடுதான் நோக்கமென்றால் தங்க ஈடிஎஃப் (தங்க விலையைப் பின்தொடரும், பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) மேல்; அவசரத் தேவைக்கான பணத்தை அதிலும் போடாதீர்கள்.