பாதுகாப்பு லைப்ரரி ஃபைல் பாதையை ஊகிக்கக் கூடாது

விண்டோஸில் யூசர் ஃபோல்டர் தமிழ்ப் பெயரில் இருந்தால், பாதுகாப்பான இணைப்புக்கான டிஜிட்டல் சான்றிதழை ஏற்றும்போது சில மென்பொருள்கள் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும். சான்றிதழை மாற்றிப் பார்ப்பார்கள், பர்மிஷனைத் தளர்த்துவார்கள். கோளாறு இரண்டிலும் இல்லை.

விண்டோஸ் ஃபைல் பெயர்களை யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-16இல் வைத்திருக்கிறது. சி மொழியில் ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன் ஃபங்ஷன் வழக்கமாக எதிர்பார்ப்பதோ அந்தக் கணினியின் ஏஎன்எஸ்ஐ கோட் பேஜ் (எந்த பைட் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய அட்டவணை) பைட்டுகளை. தமிழுக்கு அப்படியொரு கோட் பேஜே கிடையாது. ஆகவே கட்டளை வரியில் ‘கொடி’ என்று கொடுத்தால், ஆங்கிலக் கோட் பேஜ் உள்ள கணினியில் நிரல் தொடங்கும் சாதாரண மெயின் ஃபங்ஷனுக்கு வந்து சேர்வது நான்கு கேள்விக்குறிகள். விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதியே இல்லை.

பரவலாகப் பயன்படும் மறைகுறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பாதையை முதலில் யூனிகோடின் இன்னொரு வடிவமான யூடிஎஃப்-8 என்று எடுத்து யூடிஎஃப்-16க்கு மாற்றித் திறக்கும். நல்லது. ஆனால் ஃபைல் கிடைக்காவிட்டால் அதே பைட்டுகளைப் பழைய எஃப்ஓப்பனிடம் கொடுத்து இன்னொரு முறை தேடும். 1252 என்ற ஆங்கிலக் கோட் பேஜில் ‘க’வின் மூன்று பைட்டுகள் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு தடித்த புள்ளி என்றாகும். அந்தப் பெயரில் அங்கே வேறொரு ஃபைல் இருந்தால் அதுதான் திறக்கும். பழைய நிரல்கள் உடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு, புரிகிறது. ஆனாலும் சாவியை எடுக்கிற இடத்தில் ஒரு பாதைக்கு இரண்டு ஃபைல்கள் பொருந்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெப் சர்வர் பிஎச்பி நிரல்களை ஓட்டும் சிஜிஐ முறையில் 2024இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2024-4577, போதும். கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட் ஹைஃபனை சீன, ஜப்பானிய விண்டோஸ் கோட் பேஜ்கள் ‘கிட்டத்தட்டப் பொருத்தம்’ என்று சாதாரண ஹைஃபனாக மாற்றின. ஹைஃபனைத் தடுக்கும் சோதனையைத் தாண்டிப் போன எழுத்து, பிஎச்பிக்கு நேரடிக் கட்டளையானது.

லைப்ரரி எழுதுபவர்கள் பாதை யூடிஎஃப்-8 மட்டுமே என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, தவறான பைட் வந்தால் அங்கேயே மறுக்க வேண்டும். பயன்படுத்துபவர்கள் ஃபைலைத் தாங்களே யூடிஎஃப்-16 பெயரை ஏற்கும் வைட் கேரக்டர் ஃபங்ஷனில் திறந்து, உள்ளடக்கத்தை மெமரி பஃபராகக் கொடுத்துவிடலாம். பாதை லைப்ரரிக்குள் போகவே வேண்டாம். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், நிரலின் அமைப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்டில் ஆக்டிவ் கோட் பேஜ் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கவும் முடியும்.

டெஸ்ட்டில் ‘கொடி’ ஃபோல்டரை இரண்டு விதமாகவும் வையுங்கள். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருந்தால் யூடிஎஃப்-8இல் 12 பைட், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்திருந்தால் 15. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸில் பொதுவாக அவை இரண்டு தனி ஃபோல்டர்கள், மேக்கில் ஒன்றேதான். அனுமதிப் பட்டியலோடு பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலின் தவறு இங்கேதான் பிடிபடும்.